தோலில் தடித்தால் வருத்தமோ? தூசு அலர்ஜி: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): அக்கா, மகளின்ரை கையிலை அலர்ஜிப் பொருள்களைத் துளித்துளியா வச்சுக் குத்திப் பார்த்த சோதனையிலை தூசு உண்ணி (மெத்தையிலை வாழுற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி), கரப்பொத்தான், பூனை, புல் மகரந்தம் நாலும் தடிச்சிட்டுது. அவளுக்கு விடியத் தும்மல் மட்டும்தான். நாலையும் விலக்கவேணுமோ?

பதில்: இல்லைத் தங்கச்சி. ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக வெறும் உப்புநீர் குத்தின இடத்தைவிட 3 மில்லிமீற்றர் கூடத் தடிச்சால், அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஈ (அலர்ஜியைக் கிளப்பிற எதிர்ப்புப் புரதம்) உடம்பிலை இருக்கு, அவ்வளவுதான். அமெரிக்காவிலை 1988 தொடக்கம் 1994 வரை பொதுச்சனத்துக்கு 10 பொருள் குத்திப் பார்த்தவை. 54 வீதமான ஆக்களுக்கு ஒண்டாவது தடிச்சது. அவ்வளவு பேரும் வருத்தக்காரர் இல்லை. அங்கை தூசு உண்ணி, புல், கரப்பொத்தான் எல்லாம் காற்பங்குக்குக் கொஞ்சம் மேலை, ஏறத்தாழச் சமன். வெக்கையும் ஈரமும் சேர்ந்த எங்கடை மாதிரி இடங்களிலை தூசு உண்ணிதான் முன்னுக்கு நிக்கும். விடியத் தும்மல் எண்டால் முதலிலை படுக்கையைப் பாருங்கோ. பூனையை மடியிலை வச்சும் பிள்ளைக்கு ஒண்டும் வராட்டில் பூனையைத் துரத்தவேண்டாம்.

கேள்வி (மாங்குளம்): எனக்கு ஒண்டுமே தடிக்கேல்லை, ஹிஸ்டமின் துளிகூட. அலர்ஜி இல்லையெண்டு எடுக்கலாமோ?

பதில்: எடுக்கேலாது. ஹிஸ்டமின் எண்டது சோதனை சரியா வேலை செய்யுதோ எண்டு பார்க்கக் குத்திற துளி, அது எல்லாருக்கும் தடிக்கவேணும். அது தடிக்காட்டில் அந்தச் சோதனை செல்லாது. பெரும்பாலும் தடிமனுக்குப் போட்ட செற்றிரிசின் மாதிரிக் குளிசைதான் காரணம். டொக்டரிட்டைக் கேட்டு 7 நாள் நிப்பாட்டிப்போட்டுத் திரும்பச் செய்யுங்கோ. முட்டுக்கு இழுக்கிற பம்பை மட்டும் நிப்பாட்டாதேங்கோ. அது சோதனையைக் குழப்பாது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): மெத்தையை வெயிலிலை போட்டால் உண்ணி செத்திடுமோ?

பதில்: கன உண்ணி சாகும், ஆனால் தும்மல் நிக்காது. தும்மலைக் கிளப்பிறது உண்ணியின்ரை எச்சத்திலை உள்ள புரதம். அது வெயிலுக்கு அழியாது. காயவிட்ட பிறகு வெளியிலை வச்சு நல்லாத் தட்டுங்கோ. தும்மல்காரர் பக்கத்திலை நிக்கக்கூடாது. விரிப்பு, தலகணி உறையைக் கிழமைக்கு ஒருக்கால் 60 பாகைச் சுடுதண்ணியிலை அரை மணித்தியாலம் ஊறப்போடுங்கோ. ஒரு வாளி கொதிதண்ணிக்கு ஒரு வாளி கிணத்துத்தண்ணி கலந்தால் அந்தச் சூடு வரும். கை வைக்காமல் தடியாலை அமத்துங்கோ. பச்சைத்தண்ணியிலை தோய்ச்சால் எச்சம் போகும், உண்ணி தப்பிடும். உண்ணி தண்ணி குடிக்கிறேல்லை, காத்திலை உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வாழுது. அதாலை மார்கழி மழைக்குப் பிறகுதான் பெருகும். ஈரம் குறைஞ்ச சோளகக் காலத்திலை ஒருக்கால் முழுசாத் துப்பரவாக்கிறது நல்ல பலன் தரும்.

கேள்வி (செட்டிகுளம்): சூடடிக்கேக்கை இருமல். சோதனையிலை ஒண்டும் இல்லை.

பதில்: வைக்கல் தூசு அலர்ஜி இல்லாதவரின்ரை மூச்சுக்குழாயையும் அரிக்கும். முகத்தை இறுக்கி மூடுற என்95 கவசம் போடுங்கோ, சால்வை காணாது. ஆனால் பூஞ்சணம் பிடிச்ச வைக்கலைக் கிளறி 4 முதல் 8 மணித்தியாலத்துக்குப் பிறகு காய்ச்சலும் மூச்சடைப்பும் வந்தால் அது நுரையீரல் வேறை விதமாப் பாதிக்கப்படுறது. குத்துச் சோதனையிலை பிடிபடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

கேள்வி (முல்லைத்தீவு): கரப்பொத்தானுக்குத் தடிச்சவர் நந்திக்கடல் இறாலை விடவேணுமாம், உண்மையோ?

பதில்: ரண்டிலையும் துரோப்போமயோசின் எண்ட ஒரே மாதிரிப் புரதம் இருக்கு, அந்தப் பேச்சு அதாலை வந்தது. இதுவரை இறால் சாப்பிட்டு வாய் கடியோ தடிப்போ மூச்சிழுப்போ வராதவர் தாராளமாச் சாப்பிடட்டும். வந்தவர் தொடவேண்டாம், வைத்தியரிட்டைக் காட்டட்டும்.