லீவுக்குக் கூட்டிட்டுப் போன பையனை அவனோட அப்பா திருப்பி அனுப்பலன்னா

லீவுக்குன்னு வெளிநாடு கூட்டிட்டுப் போன உங்க 6 வயசுப் பையனை அவனோட அப்பா 8 மாசமா திருப்பி அனுப்பாம, கேட்டா 'அடுத்த மாசம்'னே சொல்றார்னு எழுதியிருக்கீங்க, படிக்கவே மனசு பதறுதுங்க. தயவுசெஞ்சு இனிமே காத்திருக்காதீங்க. ரெண்டு நாடும் 1980 ஹேக் ஒப்பந்தத்துல (பிள்ளைய வேற நாட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அங்கயே வெச்சுக்கிட்டா திருப்பி வரவைக்குறதுக்கான சர்வதேச ஒப்பந்தம்) சேர்ந்து, ரெண்டுக்கும் நடுவுல அது அமல்லயும் இருந்தா, 16 வயசுக்குள்ள இருக்குற பிள்ளைய வழக்கமா வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பக் கேக்கலாம், ஆனா 1 வருஷத்துக்குள்ள கோர்ட்டுல கேஸ் போயாகணும், அதுக்கப்புறம்னா பையன் அங்கயே பழகிட்டான்னு சொல்லி மறுக்க வாய்ப்பிருக்கு. கஸ்டடி யாருக்குங்கிறது இதுல முடிவாகாது, அது தனி கேஸ். இதுக்குன்னே ஒவ்வொரு உறுப்பு நாட்டுலயும் ஒரு மத்திய அமைப்பு இருக்கும், ஒரு ஃபேமிலி லாயரையும் பாத்துட்டு இந்த வாரமே அங்க மனு குடுங்க. இன்னொன்னு, 'சரி கொஞ்ச நாள் இருக்கட்டும்'னு என் தங்கச்சி கோபத்துல போட்ட ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜைத்தான் சம்மதம்னு கோர்ட்டுல காட்டினாங்க, அதனால அவருக்கு என்ன டைப் பண்ணாலும் பாத்துப் பண்ணுங்க, லீவுக்குத்தான் போனான்னு காட்ட ரிட்டர்ன் டிக்கெட்டையும் பத்திரமா வைங்க.