1830, சேலம் துறைமுகம்: கேப்டன் வைட் கொலை வழக்கு

கேள்வி: ஆரம்பகால அமெரிக்காவின் துறைமுக ஊர்களில், துப்பறியும் கதை மாதிரி நடந்த உண்மையான கொலை வழக்கு ஏதாவது உண்டா?

உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் சேலம் (நம்ம மாம்பழச் சேலம் இல்லை). அந்த ஊர் என்றாலே எல்லோரும் 1692-ல் சூனியக்காரர்கள் என்று சொல்லி இருபது பேரைக் கொன்ற கதையைத்தான் எடுப்பார்கள். அதற்கு 138 வருடம் கழித்து அங்கே நடந்த ஒரு கொலையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. நான் சட்டம் படித்தவன், பழைய வழக்குகளைத் தேடிப் படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. அந்த வகையில் இதுவரை படித்ததில் என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய கையோடு சேலத்துக் கப்பல்கள் சுமத்ரா, கல்கத்தா, சென்னை என்று கிளம்பிவிட்டன. சுமத்ரா மிளகை மொத்தமாக ஏற்றி வந்து விற்றே கோடீஸ்வரர் ஆனவர்கள் அந்த ஊரில் பல பேர். அமெரிக்க மண்ணில் கால் வைத்த முதல் யானையைக்கூட 1796-ல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் இறக்கியவர் ஒரு சேலம் கேப்டன்தான், ஜேக்கப் கிரௌனின்ஷீல்ட். இந்தக் குடும்பப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். ஆனால் 1830 வாக்கில் வியாபாரமெல்லாம் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் நகர்ந்துவிட்டது. ஊரில் மிஞ்சியது பழைய பணமும், அந்தப் பணம் யாருக்குப் போகும் என்ற கணக்கும்தான்.

கேப்டன் ஜோசப் வைட் அப்படிப்பட்ட பழைய பணக்காரர். வயது 82, பிள்ளைகள் கிடையாது, எசெக்ஸ் தெருவில் மூன்று மாடிச் செங்கல் மாளிகை. ஆளைப் பற்றி ரொம்ப உருக வேண்டியதில்லை, அடிமை வியாபாரத்திலும் சம்பாதித்தவர். மனித இனத்தில் யாரை விற்பதற்கும் தனக்குத் தயக்கமில்லை என்று அவர் பேசியதை அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் தன் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

1830 ஏப்ரல் 6 இரவு அவரைப் படுக்கையிலேயே கொன்றுவிட்டார்கள். இடது பொட்டில் ஒரே அடி, மண்டை ஓடு உடைந்திருந்தது. அது போதாதென்று உடம்பில் 13 கத்திக்குத்து. காலையில் வேலையாள் எழுந்து பார்த்தால் பின்பக்க ஜன்னல் திறந்து கிடக்கிறது, அதில் ஒரு பலகை சாய்த்து வைத்திருக்கிறது. ஆனால் அறையில் இருந்த பணம், சாமான் எதிலும் யாரும் கை வைக்கவில்லை. திருடன் இல்லை என்றால் யார்? ஜன்னலை உள்ளேயிருந்து யாரோ முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், ஊரே கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தது. அன்றைக்கு இன்றைய மாதிரி போலீஸ் கிடையாது. ஊர்க்காரர்கள் 27 பேர் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு போட்டார்கள், யார் வீட்டை வேண்டுமானாலும் சோதனை போடலாம் என்று. பெரும்பகுதி சொத்துக்கு வாரிசு தம்பி மகன் ஸ்டீபன் வைட் என்பதால் சிலருக்கு அவர் மேலேயே சந்தேகம்.

துப்பு இரண்டு பக்கமிருந்து கிடைத்தது. நியூ பெட்ஃபர்ட் சிறையில் இருந்த ஒரு கைதி, வைட்டின் இரும்புப் பெட்டியைப் பற்றி ரிச்சர்ட் கிரௌனின்ஷீல்ட் பேசியதைக் கேட்டேன் என்றான். யானை கொண்டுவந்த ஜேக்கப்பின் தம்பி மகன்தான் இந்த ரிச்சர்ட். அவனுடைய இன்னொரு பெரியப்பா நாட்டின் கடற்படை அமைச்சராகவே இருந்தவர். பெரிய இடத்துப் பையன், தறுதலை, கெட்டிக்காரன், மூன்றும். அவனையும் தம்பி ஜார்ஜையும் பிடித்து உள்ளே போட்டார்கள், ஆனால் ஆதாரம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை.

இரண்டாவது துப்புதான் எனக்குப் பிடித்த கட்டம். மே மாதம் நடுவில் மெய்ன் மாநிலத்தின் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ஒரு மிரட்டல் கடிதம் வருகிறது. 'உன் விஷயம் எனக்குத் தெரியும், 350 டாலர் அனுப்பு' என்ற பாணியில், சார்லஸ் கிராண்ட் என்ற பொய்ப் பெயரில். முகவரியில் ஜோசப் நாப் என்று இருந்தது. அந்தப் பெயரில் ஊரில் அப்பா ஒருவர், மகன் ஒருவன். மகனுக்கு வந்ததை அப்பா பிரித்துப் படித்துவிட்டார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேரே வண்டி கட்டிக்கொண்டு வென்ஹம் கிராமத்தில் இருந்த மகனிடம் காட்டினால், அவன் சிரித்துவிட்டு, குப்பை, கண்காணிப்புக் குழுவிடமே கொடுத்துவிடுங்கள் என்கிறான்! அப்பாவும் அப்படியே கொடுத்தார். குழு கொஞ்சம் பணத்தைத் தபாலில் அனுப்பி, அதை வாங்க வந்த ஆளை அமுக்கியது. பாமர் என்ற பழைய கைதி. கிரௌனின்ஷீல்ட் சகோதரர்களோடு சுற்றியவன், திட்டம் எல்லாம் அவனுக்குத் தெரியும். இதற்கு நடுவில் மகன் ஜோ நாப் சும்மா இருக்கக் கூடாதா, பழியை ஸ்டீபன் வைட் மேல் திருப்புகிறேன் என்று பொய்ப் பெயரில் இரண்டு கடிதம் எழுதி நண்பன் கையில் கொடுத்துத் தபாலில் போட வைத்தான். அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பியிருப்பானோ என்னவோ.

யார் இந்த ஜோ? வைட்டின் கப்பலில் வேலை பார்த்த இளம் கேப்டன். வைட் வீட்டை நிர்வாகம் பண்ணிய மேரி பெக்ஃபர்ட், கிழவரின் சகோதரி மகள். அந்தம்மாவின் மகளைத்தான் ஜோ கட்டிக்கொண்டான். கிழவருக்கு அந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை, வேலையும் போச்சு, அந்தப் பெண்ணின் பெயரையும் உயிலிலிருந்து எடுத்துவிட்டார். சரி, உயிலே இல்லாமல் கிழவர் செத்தால்? மாமியாருக்குப் பாதிச் சொத்து வரும் என்று ஜோ கணக்குப் போட்டான். கொலைக்கு முன்பே இரும்புப் பெட்டியிலிருந்து உயிலை எடுத்தான், ஜன்னல் தாழ்ப்பாளை நீக்கி வைத்தான். தம்பி ஃபிராங்க் மூலமாக ரிச்சர்டுக்கு 1,000 டாலர் பேரம் பேசினான். சம்பவத்தன்று மாமியார் வென்ஹமில் மகள் வீட்டில் இருந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஜோ எடுத்துக் கொளுத்தியது பழைய உயில். கடைசி உயில் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. அந்தப் பாதிப் பங்கு கணக்கும் சட்டப்படி தப்பு. ஒரு வக்கீலைக் கேட்டிருந்தால் கிழவர் இயற்கையாகவே செத்திருப்பார்.

பிடிபட்டதும் ஜோ உடைந்துவிட்டான். கோல்மன் என்ற பாதிரியார் சிறைக்குப் போய், சாட்சி சொன்னால் உனக்குத் தண்டனை இல்லை என்று வாக்குறுதி வாங்கித் தந்து வாக்குமூலம் வாங்கினார். ஹோவர்ட் தெரு தேவாலயத்தின் படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த, ஈயம் ஊற்றிக் கனமாக்கிய கட்டையும் கிடைத்தது.

இங்கேதான் ரிச்சர்ட் ஒரு காய் நகர்த்தினான். அன்றைய மாசசூசெட்ஸ் சட்டத்தில், கொலை செய்த முதல் குற்றவாளிக்குத் தண்டனை ஆனால்தான் உடந்தையாக இருந்தவர்களை விசாரிக்கவே முடியும். ஜூன் 15 அன்று அவன் சிறைக் கம்பியில் கைக்குட்டையைக் கட்டித் தூக்கில் தொங்கினான். முதல் குற்றவாளி விசாரணைக்கு முன்பே காலி, அப்படியானால் நாப் சகோதரர்கள் மேல் வழக்கே நிற்காது. ஜோவும் தைரியம் வந்து, சாட்சி சொல்ல மாட்டேன் என்று பின்வாங்கினான். வாக்குறுதி ரத்து.

அரசுத் தரப்புக்கு ஒரே வழிதான் மிச்சம்: ஃபிராங்க் உடந்தை இல்லை, அவனும் முதல் குற்றவாளிதான் என்று நிரூபிப்பது. அதற்கு அவன் கொலை நடந்த நேரத்தில் உதவி செய்ய 'அங்கே இருந்தான்' என்று காட்ட வேண்டும். அவன் இருந்தது வீட்டுத் தோட்டத்துக்குப் பின்னால் பிரவுன் தெருவில். தெருவில் நின்றால் அது கொலை நடந்த இடமா? இதற்காகவே நாட்டிலேயே பெரிய பேச்சாளர், செனட்டர் டேனியல் வெப்ஸ்டரை ஸ்டீபன் வைட் பணம் கொடுத்து இறக்கினார். வெப்ஸ்டரின் வாதம் எளிமையானது: பேசி வைத்த நேரத்தில், பேசி வைத்த இடத்தில், தேவைப்பட்டால் உதவலாம் என்று நின்றால் போதும், அவனும் அங்கே இருந்தவன்தான். எதிர்த்தரப்பு வக்கீல் டெக்ஸ்டர், அங்கே நின்று என்ன உதவி செய்திருக்க முடியும், சும்மா என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போயிருக்கலாமே என்றார். முதல் ஜூரி (தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு) தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. உடனே இரண்டாவது ஜூரி போட்டு, ஆகஸ்ட் 20 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. செப்டம்பர் 28-ல் ஃபிராங்கைச் சிறை வாசலில், ஆயிரக்கணக்கான பேர் பார்க்கத் தூக்கில் போட்டார்கள். முதல் குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டானே, இனி உடந்தையை விசாரிக்கலாம். ஜோவுக்கு நவம்பரில் விசாரணை, டிசம்பர் 31-ல் தூக்கு. ஜார்ஜ் மட்டும் விடுதலை.

என் கருத்து: ஃபிராங்க் யோக்கியன் இல்லை, ஆனால் தீர்ப்பு சட்டத்தை இழுத்து வளைத்துத்தான் வந்தது. நம்ம ஊரில் 2024 வரை இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு மாதிரி 'பொது நோக்கம்' (ஒரே நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்தால் எல்லோரும் செய்த மாதிரிதான்) என்று ஒன்று தெளிவாக இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டமே இருந்திருக்காது. ரிச்சர்டின் தற்கொலையும் வீணாகப் போயிருக்கும், சொல்லப்போனால் அப்போதும் வீணாகத்தான் போயிற்று.

இரண்டு உபரித் தகவல். ஆறு வருடம் கழித்து ஸ்டீபன் வைட்டின் மகளை வெப்ஸ்டரின் மகன் கல்யாணம் செய்துகொண்டான். அப்புறம், யார் கொலையாளி என்று கண்டுபிடிக்கும் 'க்ளூ' பலகை விளையாட்டு இந்த வீட்டை வைத்துத்தான் வந்தது என்று சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். அது இங்கிலாந்தில் உருவானது. அமெரிக்காவில் விற்ற பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி சேலத்துக்காரர்கள், அவ்வளவுதான் தொடர்பு. வீடு இன்றும் இருக்கிறது, பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் வசம்.

படிக்க ஆசைப்பட்டால் வெப்ஸ்டரின் உரையோடு நிறுத்தாதீர்கள், அச்சில் இருப்பது பிறகு மெருகேற்றியது. டெக்ஸ்டரின் வாதத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு, நீங்கள் ஜூரியாக இருந்தால் ஃபிராங்கைத் தூக்குக்கு அனுப்பியிருப்பீர்களா என்று கருத்தில் சொல்லுங்கள்.