ஃபோம் காயாமல் புதுக் கவர் போடாதீர்கள்

தம்பி, பைக் சீட் கவர் நடுத் தையலில் விட்டுப்போய், மழை நின்று இரண்டு நாளானாலும் உட்கார்ந்தால் பேன்ட் நனைகிறது, மேலே டேப் ஒட்டினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. தண்ணீர் இப்போது ஃபோமுக்குள் இருக்கிறது. கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், தையல் ஓட்டை வழியே கசியும்.

சீட்டைக் கழற்றி, அடியில் கவரைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிள் பின்களைத் திருப்புளியால் நெம்பி எடுத்துவிட்டு, முதலில் ஃபோமைக் காய வையுங்கள். கோத்தகிரிப் பனியில் அது லேசில் காயாது. நான் மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் போட்டு எடுத்தேன். அங்கேயே 2 நாள் வெயில் பிடித்தது. ஈரத்தோடு மூடினால் நாற்றமும் பூஞ்சையும்தான் மிஞ்சும்.

அப்புறம் ஃபோம் மேல் கெட்டியான பாலித்தீன் தாள், அதன்மேல் ரெக்ஸின் கவர். உட்காரும் இடத்தில் தையல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஊசித் துளைதான் தண்ணீருக்கு வழி. கவரைக் கொஞ்சம் வெயிலில் காட்டினால் நன்றாக இழுபடும். முதலில் முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்டேப்பிள் பின் அடித்துவிட்டு, பிறகு பக்கங்கள். துருப்பிடிக்காத எஃகு பின்னாகக் கேளுங்கள். சாதா பின் நம் ஊர் ஈரத்தில் துருவேறிக் கவரை விட்டுவிடும்.

ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும்.