அரிசிப் பக்கற்றும் நிறுவை மெசினும்: கேள்வி பதில்

கிழக்கிலங்கையில் கல்முனைக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் அரிசி ஆலைகளிலும் பக்கற் போடும் இடங்களிலும் நிறுவை மெசின் திருத்துவதுதான் என் தொழில். பக்கற் நிரப்புவது, ஓடும் பெல்ற்றில் நிறை சரிபார்ப்பது பற்றிக் கேளுங்கள். லொறித் தராசு என் வேலை இல்லை.

சம்மாந்துறை: ஜேர்மன் மெசின் ஒன்று இறக்கினோம் அண்ணன். 5 கிலோ பை ஒவ்வொன்றிலும் 15 கிராம் கூடப் போகுது. மெசின் பழுதா?

பழுது இல்லை தம்பி. மெசினுக்குள் இருக்கும் லோட் செல் அரிசியை அறியாது, அரிசி கீழே அழுத்தும் விசையைத்தான் அறியும். அந்த விசை பூமியின் ஈர்ப்பைப் பொறுத்தது. ஜேர்மனியில் ஈர்ப்பு ஏறக்குறைய 9.81, நம் கரையில் 9.78. நூற்றுக்கு 0.3 வித்தியாசம். அங்கே சரிபார்த்த மெசின் இங்கே 5 கிலோவை 4.985 என்று காணும். குறைகிறதே என்று இன்னும் 15 கிராம் கொட்டும். நாளைக்கு ஆயிரம் பை போட்டால் 15 கிலோ அரிசி சும்மா போகிறது.

முத்திரை குத்திய 5 கிலோ படிக்கல் ஒன்று வாங்குங்கள். மெசினைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விட்டு, பிறகு அந்தக் கல்லை வைத்து நீங்கள் நிற்கும் இடத்திலேயே அளவைத் திருத்துங்கள். இடம் மாற்றினால் திரும்பவும் செய்யுங்கள்.

ஓட்டமாவடி: காலையில் சரியாக நிறுக்குது, மதியத்தில் 10, 20 கிராம் ஆடுது.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, அல்லது தலைக்கு மேல் மின்விசிறி. மெசினைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வையுங்கள். பெல்ற்றில் படியும் தவிட்டைத் துடைத்துவிட்டுப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள்.

களுவாஞ்சிகுடி: தொட்டியில் வெடிப்பு இருந்தது, வெல்டிங் அடித்தோம். அன்றிலிருந்து கண்டபடி எண் காட்டுது.

லோட் செல் எரிந்துவிட்டது. வெல்டிங் கரண்ட் அதற்குள்ளால் பாய்ந்திருக்கிறது. மெசினில் வெல்டிங் அடிக்கும் முன் லோட் செல்லைக் கழற்றுங்கள். என் வேலையில் பாதி இதனால்தான் வருகிறது.

அக்கரைப்பற்று: ஆலையில் 5 கிலோ சரியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கடைக்காரர் 50 கிராம் குறைவு என்று சண்டைக்கு வருகிறார்.

ஈரம் போயிருக்கலாம். 14 வீத ஈரத்தில் கட்டிய 5 கிலோ அரிசி 13 வீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 57 கிராம் இறங்கும். நெய்த சாக்கு காற்றை விடும். கட்டும் முன் ஈரமானி வைத்துப் பாருங்கள்.

ஏறாவூர்: நான் கடைக்காரன். எல்லாவற்றையும் ஈரத்தில் போடாதீங்க. நேற்றுக் கட்டிய பையும் குறையுது.

நேற்றுக் கட்டியதென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஒரே நாளில் அவ்வளவு ஈரம் போகாது. சாக்கின் நிறையைக் கழிக்காமல் கட்டியிருப்பார்கள்.

அக்கரைப்பற்று: 5 கிலோவுக்கு 75 கிராம் குறையலாம் என்று சர்வதேச விதியே இருக்காமே? அப்போ 4.950 என்று வைத்தால் என்ன?

கூடாது. நீங்கள் சொல்வது ஓஐஎம்எல் என்ற சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 87 பரிந்துரை. ஒரு கிலோவில் இருந்து பத்துக் கிலோ வரை 1.5 வீதம் என்பது தவறிக் குறையும் ஒரு சில பைகளுக்கு. மொத்தப் பைகளின் சராசரி 5 கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் அதே பரிந்துரையில்தான் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு 4.950 வைப்பது களவு. அந்தப் பையை வாங்குகிறவர் வீட்டில் தராசு இல்லை. நம்பித்தான் வாங்குகிறார்.

ஏறாவூர்: இதைத்தான் நானும் கேட்டேன்.

சரி. ஆனால் நீங்களும் உங்கள் தராசை முத்திரைக்குக் காட்டி எத்தனை வருடம்? வருடா வருடம் முத்திரை வேண்டும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கும் நிறுத்தல் அளத்தல் பிரிவில் கேளுங்கள். முத்திரை இல்லாத தராசை வைத்துக்கொண்டு ஆலைக்காரரோடு சண்டை பிடிக்க முடியாது.

பொத்துவில்: நம்ம மெசினும் 15 கிராம் கூடக் கொட்டுது.

முதல் பதிலைப் படியுங்கள்.

வாகரை: கஜு (முந்திரிப் பருப்பு) 100 கிராம் பக்கற் போடுகிறோம். ஒரு முழுக் கஜுவே நிறையை மாற்றிவிடுது அண்ணன்.

நல்ல கேள்வி தங்கச்சி. பல தலை நிறுவை மெசின் இதற்கென்றே வந்தது. ஜப்பானில் இஷிடா நிறுவனம் 1972இல் குடைமிளகாய்க்காக முதலில் செய்தது, ஏனென்றால் மிளகாயையும் வெட்டி நிறுக்க முடியாது. பத்துத் தலையில், அதாவது பத்துச் சின்ன நிறுவைத் தொட்டியில், கொஞ்சம் கொஞ்சமாக விழும். எந்தத் தலைகளைச் சேர்த்தால் 100 கிராமுக்கு மிக அண்மையில் வரும் என்று 1023 சேர்க்கைகளில் தேடி, அவற்றை மட்டும் திறக்கும். விலை அதிகம். உங்கள் அளவுக்குக் கையால் நிரப்பி, கடைசியில் சின்னக் கஜு ஒன்றிரண்டு போட்டுச் சரிசெய்தால் போதும்.

காத்தான்குடி: பெல்ற் வேகத்தைக் கூட்டினால் நிறை பிழைக்குது.

பை தனியாகப் பெல்ற்றில் இருக்கும் நேரம் போதவில்லை. பெல்ற் 50 சென்ரிமீற்றர், பை 30, வேகம் செக்கனுக்கு 50 என்றால் நிறுக்கக் கிடைப்பது 0.4 செக்கன்தான். வேகத்தை இரட்டித்தால் அது 0.2. பழைய வேகத்துக்கே வாருங்கள்.

நிந்தவூர்: வெல்டிங் அடித்த பிறகு...

கழற்றிவிட்டு அடித்தீர்களா? இல்லை என்றால் புது லோட் செல்.

மட்டக்களப்பு: லோட் செல் வயரை எலி கடித்தது. முறுக்கி டேப் சுற்றினேன், போதுமா?

போதாது தம்பி. 10 கிலோ லோட் செல் முழுச் சுமையில் தருவதே ஏறக்குறைய 20 மில்லிவோல்ற். 10 கிராமுக்கு 0.02. முறுக்கிய இடத்தில் நம் உப்புக் காற்று பட்டால் களிம்பு அதைத் தின்றுவிடும். நான்கு வயரையும் ஈயம் வைத்து ஒட்டி, தண்ணீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். பிறகு படிக்கல்லை வைத்துப் பாருங்கள்.