பாங்காக் முன்ன மாதிரி இல்லை என்கிறார்களே, நிஜமா?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். அடிக்கடி போய்வந்தவர்கள் "ஊர் கெட்டுப்போச்சு, விலை ஏறிப்போச்சு" என்கிறார்களே, உண்மையா? முதல்முறையாக வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா? இரண்டாவதற்கு பதில் சுருக்கம்: தாராளமாகப் போகலாம். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு மதுரையில் பெண்கள் ரெடிமேட் கடை. சரக்கு எடுக்க முதலில் கணவர் மட்டும்தான் பாங்காக் போய்க்கொண்டிருந்தார். பெண்கள் துணியை ஆண்பிள்ளை தேர்ந்தெடுத்தால் பாதி அலமாரியிலேயே தங்கிவிடும் என்பதால் 2000-களின் நடுவிலிருந்து நானும் கிளம்பினேன். அன்றைக்கு நம் ஊரில் பாங்காக் என்றால் இரண்டு வகை ஆட்கள்தான். ஒன்று, பர்மா பஜாருக்குச் சரக்குச் சுமக்கும் குருவிகள். இன்னொன்று, அலுவலக நண்பர்களோடு கும்பலாகப் போய்விட்டு வந்து வீட்டில் புகைப்படம் காட்டாதவர்கள். "உங்க வீட்டுக்காரர் பாங்காக்கா போயிருக்கார்?" என்று கேட்டுவிட்டு உதட்டை மடிக்கும் சிரிப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரில் போனபோது எனக்குப் பட்டதே வேறு. அது பெண்கள் நடத்துகிற ஊர். பிரதுனாம் என்ற துணிச் சந்தையின் மொத்தக் கடைகளில் கல்லாவில் இருப்பது பெண், மூட்டை கட்டுவது பெண், நூடுல்ஸ் வண்டி தள்ளுவது பெண், பஸ்ஸில் சீட்டு கிழிப்பதும் பெண். பேரம் கால்குலேட்டரில்தான் நடக்கும். அவர் ஓர் எண்ணைத் தட்டி நீட்டுவார், நாம் அழித்துவிட்டு வேறு எண் தட்டித் திருப்பித் தர வேண்டும். ஒரு பீஸுக்கு ஒரு விலை, மூன்று எடுத்தால் மொத்த விலை. சத்தமே இல்லாத சண்டை அது. இருட்டிய பிறகு தனியாக அறைக்குத் திரும்பி நடக்க அங்கே நான் பயந்ததில்லை. சொந்த ஊரில் அப்படிச் சொல்ல முடியுமா என்று கேட்காதீர்கள்.

அந்தச் சிரிப்புக்குக் காரணமான இரவு விடுதித் தெருக்கள், பேட்பாங், நானா, சோய் கௌபாய், இன்றும் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெரிய ஊரில் அவை சில தெருக்கள். சுகும்வித் சாலையில் நானா ரயில் நிலையத்தை ஒட்டி அறை போட்டால் ராத்திரி கண்ணில் படும். அம்மாவோடு போகிறவர்கள் அந்தப் பக்கம் போட வேண்டாம், அவ்வளவுதான்.

இப்போது விலை. இதில் நம்மவர்கள் புலம்பலில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. 2005 வாக்கில் அவர்கள் நாணயமான பாட் ஒன்றை வாங்க ஒன்றேகால் ரூபாய்கூட ஆகாது. 2015-இல் இரண்டு ரூபாயை நெருங்கிவிட்டது. 2025-இல் இரண்டரையைத் தாண்டியது. அன்று 35 பாட்டுக்குச் சாப்பிட்ட நூடுல்ஸ் கிண்ணம் இன்று 60 பாட் என்று வையுங்கள். அவர்கள் ஏற்றியது இரண்டு மடங்குகூட இல்லை. நம் கையிலிருந்து போவது மட்டும் நாற்பது ரூபாய்க்குப் பதில் நூற்றைம்பதுக்கு மேல். ரூபாய் இறங்கியதற்கு நூடுல்ஸ்காரம்மாவைத் திட்டுகிறோம். உண்மையிலேயே ஏறியது நுழைவுக் கட்டணங்கள்தான். அரண்மனைக்கு 500 பாட், படுத்த புத்தர் இருக்கும் வாட் போவுக்கு 300 பாட். அதிலும் தாய் மக்களுக்கு இலவசம். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு காலைப்பொழுதில் கை கடிக்கத்தான் செய்யும்.

"பழைய பாங்காக் காணோம், எங்கே பார்த்தாலும் மால்" என்கிறார்களே, அது பாதி உண்மை. காரணம் 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய பிடிஎஸ் பறக்கும் ரயில். அதற்கு முன் பாங்காக் போனவர்கள் சொல்லும் கதை எல்லாம் ஒன்றுதான்: டாக்சிக்குள் இரண்டு மணி நேரம், புகை, வியர்வை. ரயில் வந்தபின் அந்தக் கதை ஓய்ந்தது. கூடவே ரயிலுக்குக் கீழே மேம்பால நடைபாதையும் நீண்டுகொண்டே வந்தது. இன்று சியாம் நிலையத்தில் இறங்கி, தரையில் கால் வைக்காமலே மால் மாலாக பிரதுனாம் வரை நடந்துவிடலாம். வெயிலுக்கு நல்லது, நானே நடக்கிறேன். ஆனால் ஏசியிலிருந்து ஏசிக்கு மாறிக்கொண்டே நான்கு நாள் இருந்துவிட்டு, ஊரில் உயிரில்லை என்றால் எப்படி? ஊர் கீழே இருக்கிறது.

இறங்கிப் பார்க்க வேண்டுமானால் அதே பிரதுனாமில் சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறுங்கள். படகு படித்துறையில் நின்று நிதானமாக ஏற்றாது. கயிறைப் போட்டு இழுத்த அந்த நொடியில் தாவி உள்ளே போய்விட வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளி விளிம்பில் கால் வைத்து, கயிறைப் பிடித்தபடியே நடந்து வந்து காசு வாங்குவார். எதிரே ஒரு படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர்கள் சொல்லாமலே கயிறை இழுத்து பிளாஸ்டிக் திரையைத் தூக்குவார்கள், சாக்கடைத் தண்ணீர் மேலே தெறிக்காமலிருக்க. ஆபீஸ் போகும் பெண் ஒரு கையில் மேக்கப் பையோடு மறு கையால் திரையை இழுப்பாள். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்து இதில் ஒன்றும் மாறவில்லை, நாற்றம் உட்பட. அம்மாவை மட்டும் இதில் ஏற்றாதீர்கள். அவருக்கு சாவ் ப்ரயா ஆற்றுப் படகு போதும், வசதியாக உட்காரலாம்.

நிஜமாகவே போனது தெருச் சாப்பாடு, அதுவும் தந்திரமாகப் போனது. 2017-இல் நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்தப் போவதாக மாநகராட்சி அறிவித்ததும் உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்தது. உடனே யாவோராட், காவ்சான் இரண்டும் இருக்கும் என்று சமாதானம் சொன்னார்கள். இரண்டுமே வெளிநாட்டுக்காரர்கள் மொய்க்கும் தெருக்கள். அலுவலகக்காரர்களும் கடைப் பெண்களும் மதியம் சாப்பிட்ட வண்டிகள் பல தெருக்களிலிருந்து மறைந்தன. பிறகு கொரோனா. 2019-இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டினர் கிட்டத்தட்ட 4 கோடி, 2021-இல் 5 லட்சம்கூட இல்லை. நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சந்தில் திரும்பப் போனபோது பாதி வண்டிகள் இல்லை. பழைய பயணிகள் ஏங்குவதில் நியாயம் இருக்கிறது என்றால் இந்த ஒரு விஷயத்தில்தான்.

காலியான கடைகளில் 2022-க்குப் பிறகு பச்சை இலைப் பலகைகள் முளைத்தன. அந்த ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று திருப்பிக் கட்டினார்கள். பிள்ளைகள் பலகையைப் பார்த்துக் கேட்டால் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களும் மாறிவிட்டார்கள். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றார்கள். அதற்கு முன் விமான நிலையத்தில் 2000 பாட்டையும் புகைப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அதற்கப்புறம் விமானம் முழுக்கக் குடும்பங்கள்தான். மாமியாரோடு வருகிறார்கள், கைக்குழந்தையோடு வருகிறார்கள். பிரதுனாம் இப்போதெல்லாம் தீபாவளி நேர ரங்கநாதன் தெரு. அந்த உதட்டு மடிப்புச் சிரிப்பும் ஓய்ந்துவிட்டது. "எங்களுக்கும் ரெண்டு டாப்ஸ் எடுத்துட்டு வாங்க" என்பதுதான் இப்போது கேட்பது.

அம்மாவைக் கட்டாயம் சீலோம் மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. உள்ளே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். வாசலில் சாமந்தி மாலை, பழத்தட்டு வாங்கிக்கொண்டு, நம்மைவிட ஒழுங்காக வரிசையில் நின்று, குருக்களிடம் நெற்றியைக் காட்டிப் பொட்டு வைத்துக்கொள்வார்கள். விஜயதசமி இரவு சாமி புறப்பாட்டுக்கு சீலோம் சாலையையே மறித்துவிடுவார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

சைவம் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் "வெஜிடேரியன்" என்றால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். "ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளில் கறி, மீன், முட்டை, பால், பூண்டு எதுவும் இருக்காது.

அரண்மனை வாசலில் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து "இன்று மூடியிருக்கிறது, இருபது பாட் கொடுங்கள், துக்துக் ஆட்டோவில் வேறு கோவில் காட்டுகிறேன்" என்பார். மூடியிருக்காது. துக்துக் ரத்தினக் கடையில் போய்த்தான் நிற்கும். பறக்கும் ரயில் வருவதற்கு முன்பு போனவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அறை எடுப்பதென்றால் சபான் தக்சின் பக்கம் பாருங்கள், ரயிலும் ஆற்றுப் படகும் அங்கே சந்திக்கின்றன, மாரியம்மன் கோவிலும் பக்கம். நவம்பர், டிசம்பர் சரியான நேரம். ஜனவரி, பிப்ரவரியில் குளிர்ச்சி இருந்தாலும் காற்றில் தூசி ஏறிவிடும், அம்மாவுக்கு இழுப்பு இருந்தால் அந்த மாதங்கள் வேண்டாம். துணி எடுக்கிற எண்ணம் இருந்தால் போகும்போது பெட்டியைக் காலியாகக் கொண்டுபோங்கள்.