பச்சைப் பொடி டப்பாவை எப்படி எடைபோடுவது? – கேள்வி பதில்

கிரீன்ஸ் பவுடர், சூப்பர் கிரீன்ஸ், முருங்கைப் பொடி, கோதுமைப் புல் பொடி, ஸ்பைருலினா (நீரில் வளரும் நுண்பாசி) என்று பல பெயர்களில் விற்கும் பச்சைப் பொடிகளைப் பற்றி நீங்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் உணவியல் நிபுணர், மருத்துவர் அல்ல. மாத்திரையை நிறுத்துவது, அளவைக் குறைப்பது போன்ற முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டே எடுங்கள்.

சேலம் வாசகி: மேடம், நான் வாங்கிய டப்பாவில் 'ஒரே ஸ்கூப்பில் 42 வகைக் கீரை, காய், பழம்' என்று போட்டிருக்கிறது. இத்தனையும் சேர்ந்தால் உடம்புக்கு நல்லதுதானே?

நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ஸ்கூப் 8 கிராம். அதை 42 பொருளுக்கும் சமமாகப் பிரித்தால்கூட ஒவ்வொன்றுக்கும் 190 மில்லிகிராம்தான் வரும். ஆனால் சமமாகப் பிரிப்பதில்லை. எடையில் அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் பொருள் பட்டியல் அச்சிட வேண்டும் என்பது விதி. உங்கள் டப்பாவில் முதலில் வருவது கோதுமைப் புல், அடுத்து இனுலின் என்ற நார்ச்சத்து, அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி. முன்பக்கத்தில் படம் போட்டிருக்கும் ப்ரோக்கோலியும் மாதுளையும் பட்டியலின் கடைசி வரிகளில்தான் இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'கிரீன் பிளெண்ட் 5,200 மி.கி.' என்று ஒரே எண். அதற்குள் பதினெட்டுப் பெயர்கள். எது எவ்வளவு என்று இல்லை. மில்லிகிராமில் எழுதினால் ஆயிரக்கணக்கில் தெரியும், கிராமில் சொன்னால் வெறும் 5.2. ஆய்வுகளில் ஒரு மூலிகை வேலை செய்தது என்றால் ஒரு குறிப்பிட்ட அளவில் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். உங்கள் ஸ்கூப்பில் அந்த அளவு இருக்கிறதா என்று தெரியாதபோது அந்த ஆய்வைக் காட்டி விற்பதில் அர்த்தமே இல்லை.

இது உள்ளூர் டப்பாவுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் மிகப் பிரபலமான ஏஜி1 பவுடர் பல ஆண்டுகள் '12 கிராம் ஸ்கூப்பில் 75 பொருட்கள்' என்றுதான் விற்றது. வைட்டமின்கள் தனித்தனி அளவோடு இருக்கும், மூலிகைகளும் கீரைகளும் கூட்டு எடையில் இருக்கும். அதில் உள்ள என்எஸ்எஃப் என்ற தர ஆய்வு அமைப்பின் முத்திரை, லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறது, தடை செய்யப்பட்ட பொருள் கலக்கவில்லை என்பதற்குச் சான்று. பலன் தரும் என்பதற்கு அது சான்று அல்ல.

மதுரை வாசகர்: ஒரு ஸ்கூப் ஒரு கட்டுக் கீரைக்குச் சமம் என்கிறார்களே?

கீரையில் பெரும்பகுதி தண்ணீர். பாலக், அரைக்கீரை மாதிரியானவற்றில் கிட்டத்தட்ட 90 சதவீதம், முருங்கையில் 75 சதவீதம் அளவுக்கு. ஆகவே 5 கிராம் பொடி முழுக்க முழுக்கக் கீரை என்றே வைத்துக்கொண்டாலும், அது பச்சைக் கீரையில் 50 கிராம், முருங்கை என்றால் 20 கிராம். ஆய்ந்த முருங்கைக்கீரையில் ஒரு சிறு கைப்பிடி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குக் கீரையும் காயுமாக நாளைக்கு 400 கிராம் சொல்கிறது. அந்தப் பள்ளத்தை ஒரு ஸ்கூப் நிரப்பாது. நார்ச்சத்தைப் பாருங்கள், பெரும்பாலான டப்பாக்களில் ஒரு ஸ்கூப்புக்கு 1 முதல் 2 கிராம்தான். ஒரு கொய்யாப்பழத்தில் அதைவிட அதிகம் கிடைக்கும்.

கரூர் வாசகர்: நாங்கள் அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை போடுகிறோம். 'பாலைவிட 17 மடங்கு கால்சியம், பசலையைவிட 25 மடங்கு இரும்பு' என்று பாக்கெட்டில் அடிக்கச் சொல்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள், ஐயா. உங்கள் இலை நல்ல இலை. அதற்கு இந்த மிகைப்படுத்தல் தேவையில்லை.

அந்த 17 மடங்கு எங்கிருந்து வருகிறது என்றால், 100 கிராம் காய்ந்த பொடியை 100 கிராம் பாலோடு ஒப்பிட்டதில். பாலில் கால்சியம் 120 மி.கி., முருங்கைப் பொடியில் சுமார் 2,000 மி.கி. கணக்கு சரிதான். ஆனால் பொடியை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு டீஸ்பூன் என்பது இரண்டு, மூன்று கிராம். அதில் 40 முதல் 60 மி.கி. கால்சியம். ஒரு டம்ளர் பாலில் 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. இரும்பு ஒப்பீடும் அப்படித்தான், காய்ந்த இலையை ஈரக் கீரையோடு ஒப்பிட்டது. வைட்டமின் சி உலர்த்தும்போதே பெரும்பாலும் போய்விடும், அதைப் பொடிக்குச் சொல்லவே கூடாது.

அதற்குப் பதிலாக, பச்சை இலையில் 100 கிராமுக்குக் கால்சியம் 300 மி.கி.யைத் தாண்டும், பீட்டா கரோட்டின் நிறைய, புரதம் 6 கிராம் என்ற உண்மையைச் சொல்லுங்கள். எந்தக் கீரையோடும் தலைநிமிர்ந்து நிற்கும் எண்கள் அவை. நிழலில் உலர்த்தியது, எந்தத் தேதியில் அரைத்தது என்று போடுங்கள். வாங்குபவருக்கு அதுதான் உதவும்.

திண்டுக்கல் வாசகி: அக்கா, கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.2. இரும்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள். கோதுமைப் புல் பொடியும் முருங்கைப் பொடியும் கொடுக்கிறேன். எத்தனை நாளில் ஏறும்?

இந்தக் கேள்விக்காகவே இன்று எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். தயவுசெய்து மாத்திரைக்குப் பதிலாகப் பொடியை நம்பாதீர்கள். 9.2 என்பது மிதமான ரத்தசோகை. பெண் பிள்ளைக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். முருங்கைப் பொடியில் 100 கிராமுக்கு 25 மி.கி. இரும்பு என்று வைத்துக்கொள்வோம். 5 கிராம் கொடுத்தால் 1.25 மி.கி. அதிலும் தாவர இரும்பு என்பதால் உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு சிறு பங்குதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 29 மி.கி. அரசு கொடுக்கும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது.

கோதுமைப் புல்லில் உள்ள பச்சையம் ரத்தத்தின் சிவப்பணுவாக மாறும் என்று சொல்லி விற்பதும் தவறு. இரண்டின் மூலக்கூறும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம், ஹீமோகுளோபினில் இரும்பு. உடம்பு ஒன்றை மற்றொன்றாக மாற்றாது.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு இரும்பு உப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பாட்டுக்குப் பிறகு என்று பல வழிகள் இருக்கின்றன. மாதவிடாயில் அதிகம் போகிறதா, குடற்புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். எலுமிச்சைச் சாறு நல்லது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் மகள் தனியாள் இல்லை. முருங்கைக்கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, பொரியலாகத் தட்டில் இருக்கட்டும்.

கும்பகோணம் வாசகர்: நாங்கள் சைவம். ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறதாமே?

அதில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. அமைப்பில் ஒத்திருக்கும், மனித உடம்பில் வேலை செய்யாது. புரதம் உண்மையிலேயே 60 சதவீதம் வரை உண்டு, ஆனால் நீங்கள் எடுப்பது 3 கிராம், ஆக புரதம் 2 கிராமுக்கும் கீழே. பால், தயிர் தினமும் சேருங்கள். குறைபாடு தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ தான். லேபிளில் சயனோகோபாலமின் அல்லது மெத்தில்கோபாலமின் என்று தனியாக அளவு போட்டிருந்தால் அது சேர்க்கப்பட்ட நிஜ பி12, அதைக் கணக்கில் எடுக்கலாம்.

ஈரோடு வாசகி: உடம்பை 'அல்கலைன்' ஆக்கி நச்சை வெளியேற்றும் என்கிறார்கள்.

ரத்தத்தின் பிஹெச், அதாவது அமில–கார அளவு, 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. எந்தப் பொடியும் அதை நகர்த்தாது. நச்சை வெளியேற்றுவது கல்லீரல், சிறுநீரகத்தின் வேலை. என்ன நச்சு, எவ்வளவு குறைந்தது என்று எந்த டப்பாவிலும் எழுதியிருக்காது.

திருச்சி வாசகர்: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறோம், அசினோகூமரால் மாத்திரை சாப்பிடுகிறார். கிரீன்ஸ் பவுடர் தரலாமா?

மருத்துவரைக் கேட்காமல் தரவே கூடாது. பச்சைப் பொடிகளில் வைட்டமின் கே அதிகம், அது ரத்த உறைவைத் தடுக்கும் அந்த மாத்திரைக்கு நேர் எதிராக வேலை செய்யும். வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. அதே வகை மாத்திரையான வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இதே பதில்தான். கீரையையே விலக்க வேண்டும் என்பதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும். புதிதாக எதைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்க வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்: இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தது, சார்... மன்னிக்கவும், மேடம். காலையில் பாலக் பொடி ஸ்மூத்தி குடிக்கிறேன்.

நிறுத்திவிடுங்கள். கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட். பாலக்கில் ஆக்ஸலேட் என்ற இயற்கைப் பொருள் மிக அதிகம். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் ஒரு பகுதி போய்விடும், பொடியில் அது அப்படியே செறிந்து நிற்கும். 2018இல் அமெரிக்காவில் பதிவான ஒரு நிகழ்வு: 65 வயதுப் பெண், முன்பே வயிற்றில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், சில நாள் முன்பு ஆன்டிபயாடிக் எடுத்தவர். பச்சை ஸ்மூத்தி 'கிளென்ஸ்' செய்ததில் ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகமே செயலிழந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகாது, ஆனால் கல் வரும் உடம்புக்கு இது தேவையில்லாத விளையாட்டு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் கிரியாட்டினின் அதிகம் உள்ளவர்களும் பொட்டாசியம் காரணமாகத் தள்ளியே இருங்கள்.

கோவை வாசகி: தைராய்டு மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா?

கால்சியம், இரும்பு சேர்த்த பவுடர் என்றால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். கெல்ப் என்ற கடற்பாசி, அஸ்வகந்தா இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டுமே தைராய்டு அளவை ஆட்டிவிடக்கூடியவை. பயோட்டின் என்ற வைட்டமின் அதிகம் சேர்த்திருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவே தவறாக வரலாம், பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிடுங்கள்.

சென்னை வாசகர்: எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தால் நம்பி வாங்கலாம் அல்லவா?

அந்த 14 இலக்க எண், நிறுவனம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உரிமம் பெற்றது என்பதை மட்டும் சொல்கிறது. அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் எண்ணைப் போட்டு உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

அடுத்து, அந்தந்த பேட்ச்சின் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) ஆய்வறிக்கையைக் கேளுங்கள். ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம், பூச்சிக்கொல்லி எச்சம், சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி ஆகியவற்றுக்கான பரிசோதனை முடிவுகள் அதில் இருக்க வேண்டும். இலைகள் மண்ணிலிருந்து உலோகத்தை இழுக்கும், உலர்த்தும்போது அது செறிவாகும். ஸ்பைருலினா வளர்ந்த நீர் அசுத்தமாக இருந்தால் வேறு பாசிகளின் நச்சும் சேரும். கிருமி பயம் கற்பனை இல்லை. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் சால்மொனெல்லா பரவி, இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைப் பொடிதான் மூலம் என்று கண்டறிந்து, அது கலந்த கிரீன்ஸ் பவுடரைத் திரும்பப் பெற்றார்கள். காய்ந்த பொடியில் கிருமி சாகாமல் கிடக்கும், குளிர்ந்த தண்ணீரில் கலந்து குடித்தால் நேரே வயிற்றுக்குள் போகும். அதனால் நான் எப்போதும் சொல்வது, அடை மாவில், பருப்பில், கொதிக்கும் சூப்பில் போடுங்கள். கேட்டும் அறிக்கை அனுப்பாத நிறுவனத்திடம் நான் வாங்க மாட்டேன்.

விருதுநகர் வாசகி: குடிக்க ஆரம்பித்ததிலிருந்து சுறுசுறுப்பாக இருக்கிறது. ஆனால் வயிறு உப்புகிறது.

உப்புசத்துக்கு இனுலின் காரணமாக இருக்கலாம், பாதி அளவாக்கிப் பாருங்கள். சுறுசுறுப்புக்கு லேபிளில் கிரீன் டீ சாறு இருக்கிறதா என்று தேடுங்கள், அதில் காஃபின் உண்டு. கிரீன் டீ சாறு அதிக அளவில் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால் அதன் அளவு எழுதாத டப்பா வேண்டாம். காலையில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிப்பதும் இப்போதுதான் பழகியிருக்கும், அந்தப் பலனையும் மறக்காதீர்கள். கிரீன்ஸ் பவுடரை வைத்து நடந்த ஆய்வுகள் குறைவு. ஆட்களும் குறைவு, காலமும் சில வாரங்கள், பல ஆய்வுகளுக்குப் பணம் தந்தது தயாரிப்பாளர்களே.

தூத்துக்குடி வாசகி: ஆறு வயதுப் பையன் கீரையே தொட மாட்டான். பொடி கொடுக்கலாமா?

பல மூலிகை கலந்த பெரியவர்கள் பவுடர் வேண்டாம். வீட்டு முருங்கைப் பொடி அரை டீஸ்பூன் தோசை மாவிலோ சப்பாத்தி மாவிலோ போடலாம். கீரையைத் தட்டில் வைப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பெங்களூரு வாசகர்: அப்படியானால் யார்தான் வாங்கலாம்? நான் விடுதியில் இருக்கிறேன், சமைக்க வசதி இல்லை.

உங்களைப் போன்றவர்கள் வாங்கலாம், நோய் இல்லை, மாத்திரை இல்லை என்றால். ஐந்தாறு பொருளுக்கு மேல் இல்லாத, ஒவ்வொன்றுக்கும் தனி எடை போட்ட பொடியாகப் பாருங்கள். டப்பா விலையைப் பார்க்காமல் ஒரு ஸ்கூப் விலையைப் பாருங்கள். 1,500 ரூபாய் டப்பாவில் 30 ஸ்கூப் என்றால் நாளைக்கு 50 ரூபாய். அந்த 50 ரூபாயில் உங்கள் விடுதி வாசலில் ஒரு கொய்யா, இரண்டு வாழைப்பழம், ஒரு கேரட், ஒரு வெள்ளரி கிடைக்கும், எதற்கும் அடுப்பு வேண்டாம். மெஸ்ஸில் கீரை போடும் நாளில் இரண்டாவது முறை கேட்டு வாங்குங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் பொடி வேண்டும் என்று தோன்றினால், 100 கிராம் முருங்கைப் பொடிப் பாக்கெட் ஒன்று வாங்கி மெஸ் சாம்பார் சூடாக இருக்கும்போதே ஒரு டீஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். திறந்த பாக்கெட்டை வெயில் படாமல் இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பச்சை மங்கிப் பழுப்பாகி, வைக்கோல் வாசனை வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.