பத்துப் பக்கம் நின்று படியுங்கள்

கோடை வாசிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு, 31 ஆண்டுகள் கிளை நூலகராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் புதிய நாவல்கள் படிக்க ஆசை. கடைக்குப் போனால் எதை எடுப்பது என்று திகைத்து நிற்கிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது?
(வாசகி, ஈரோடு)

பின்னட்டையை விட்டுவிடுங்கள் அம்மா. அது நூலை விற்பதற்காக எழுதப்படுவது. முதல் அத்தியாயத்தையும் நம்ப வேண்டாம். அதை எல்லா எழுத்தாளர்களும் இழைத்து இழைத்துத்தான் எழுதியிருப்பார்கள். நடுவில் எங்காவது பிரித்துப் பத்துப் பக்கம் நின்றபடியே படியுங்கள். யார், எவர் என்று புரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த மனிதர்கள் பேசுவது காதில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இது எனக்கு நூலகம் கற்றுக்கொடுத்தது. திரும்பி வரும் புத்தகத்தை அலமாரியில் வைக்கும் முன் மூடிய பக்கங்களின் விளிம்பைப் பார்ப்பேன். படித்த பகுதி விரல் பட்டுப் பழுப்பேறியிருக்கும். படிக்காத பகுதி வெள்ளையாகவே இருக்கும். சில நாவல்களில் அந்தப் பழுப்பு ஐம்பதாம் பக்கத்தோடு நின்றுவிடும். தேதிச் சீட்டைப் பார்த்தால் பத்து முத்திரை இருக்கும். பத்துப் பேர் எடுத்துப்போய், பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இறங்கிவிட்டார்கள் என்று பொருள். கடைசித் தாள் வரை ஒரே சீராகப் பழுப்பேறிய நாவலை யார் கேட்டாலும் தயங்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

புதியது வேண்டும் என்றால் பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அட்டை பளபளவென்று இருக்கும். உள்ளே முதல் பதிப்பு முப்பது ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கும். நல்ல நூலாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. இரண்டு மாதத்துக்கு நான்கு நாவல் போதும்.

சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல்களை அப்படியே பட்டியலாக வைத்துக்கொள்ளலாமா?
(வாசகர், விழுப்புரம்)

தொடங்குவதற்கு நல்ல இடம். அண்மை ஆண்டுகளில் தமிழில் நாவல்களே அதிகம் விருது பெற்றிருக்கின்றன. ஆனால் விருது தாமதமாகத்தான் வந்து சேரும். சோ. தர்மனின் 'சூல்' 2016இல் வெளிவந்தது, விருது 2019இல். இமையத்தின் 'செல்லாத பணம்' 2018இல் வந்து 2020இல் விருது பெற்றது. விருதுப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டால் இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களை நீங்கள் சில ஆண்டுகள் கழித்துத்தான் சந்திப்பீர்கள்.

இன்னொன்று, விருதுக்கு வாசகரைத் தெரியாது. 'செல்லாத பணம்' விருது பெற்ற சமயம், வாரந்தோறும் வரும் ஓர் அம்மாள் "புதிதாக ஏதாவது கொடுங்கள்" என்றார். நான் பெருமையோடு அதை நீட்டினேன். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகளும் வெளியே காத்திருக்கும் பெற்றோரும்தான் அந்த நாவல். புதுச்சேரி ஜிப்மர் தீக்காயப் பிரிவின் வாசலை விட்டு அதிகம் நகராது. இரண்டாம் நாளே அந்த அம்மாள் வந்து புத்தகத்தை மேசையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தங்கை தீயில் போனவர் என்பதைப் பிறகு பக்கத்துத் தெருக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்கப்புறம் நான் யாருக்கும் கேட்காமல் நாவல் கொடுத்ததில்லை. "இப்போது மனம் எப்படி இருக்கிறது, கனமான கதையைத் தாங்குமா?" என்று முதலில் கேட்பேன். உங்களுக்காகப் பட்டியல் போடும்போதும் உங்களை நீங்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இன்றும் அது மிகப் பெரிய நாவல்தான். அதை வாசிக்கும் நாளை அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும்.

தடித்த நாவலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. பாதியில் விட்டுவிடுகிறேன்.
(வாசகர், சிவகாசி)

நீங்கள் கரிசல்காட்டுக்காரர், 'சூல்' உங்களுக்குத்தான். கண்மாய்தான் அதில் கதாநாயகன். மடை, கலிங்கு, வண்டல், நீர்பாய்ச்சி எல்லாம் உங்கள் தாத்தா பேசிய சொற்களாகவே வரும். ஒரு நாளைக்கு இருபது பக்கம் வைத்துக்கொண்டால் ஐந்நூறு பக்கம் இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும், அக்கினி நட்சத்திரத்துக்குள் அடங்குகிற கணக்கு. காலையில் வெயில் ஏறும் முன் படியுங்கள். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனால் கவலைப்படாதீர்கள்; விட்ட இடத்துக்குப் பத்துப் பக்கம் முன்னே போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வாசிக்கும் வாரத்திலேயே உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.

மகள் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். கைபேசியை விட்டு எழ மறுக்கிறாள். அவளுக்கு ஒரு நாவல்?
(வாசகி, மதுரை)

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியைக் களமாகக் கொண்ட சிறுவர் நாவல், 2023இல் சிறுவர் இலக்கியத்துக்கான அகாதெமி விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. உங்களுக்குக் கீழடி பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்ப் பானை ஓட்டில் கீறிய எழுத்துகளைக் காட்டுங்கள், அதன் பிறகு புத்தகத்தைக் கொடுங்கள். "படித்து முடித்தாயா?" என்று தினமும் கேட்காதீர்கள். முதல் சில பக்கங்களை நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டு, சுவையான இடத்தில் நிறுத்தி எழுந்து போய்விடுங்கள்.

சென்னையிலிருந்து கோவைக்குப் பகல் ரயிலில் போகிறேன். வழியிலேயே படித்து முடிக்க ஒரு நாவல் சொல்லுங்கள்.
(வாசகர், தாம்பரம்)

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. சிறிய நாவல், 2023ஆம் ஆண்டின் அகாதெமி விருது பெற்றது. காரு மாமா என்ற குடிநாவிதரின் சாவுக்கு உறவுகள் வந்து கூடுவதிலிருந்து கதை விரிகிறது; கொங்குப் பேச்சு முழுக்க. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து வந்தது. சன்னலோர இருக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். சேலம் தாண்டி ஈரோடு வரும்போது வெளியே தெரியும் மண்ணும் கையிலிருக்கும் கதையின் மண்ணும் ஒன்றாகவே இருக்கும்.